மேல் மில்லிமீற்றர்

கம்ஷாயினி முருகைப்பிட்டிக்கு வந்தது ஆறாயிரம் வருடத்துப் பழைய தண்ணீரைத் தேடி. ஊர்ச்சனத்துக்கோ கடைசிப் பத்து வருடத்துத் தண்ணீரைப் பற்றித்தான் தெரிய வேண்டியிருந்தது. மிச்சத்தை அவளே வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது அந்த ஊர். ஊர் நடுவில், பனங்காணிகளுக்கிடையே நிலம் எப்போதோ உள்ளே விழுந்து வட்டமான ஒரு பெரும் பள்ளமாகிக் கிடந்தது. அதற்குப் பாதாளக் குண்டு என்று பெயர். மேலே நின்று பார்த்தால் பச்சைத் தண்ணீர் மட்டும் தெரியும். உள்ளேயோ, சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் அரித்து அரித்துக் குடைந்த குகைகள் ஊருக்கு அடியில் நாலு பக்கமும் ஓடின. அவற்றில் மழை தந்த நன்னீர் மேலே நின்றது. கடலில் இருந்து வந்த உப்புநீர் பாரமானபடியால் கீழே கிடந்தது. ஊர்க்கிணறுகளெல்லாம் அந்த மெல்லிய மேல்தட்டில் வாய் வைத்துத்தான் குடித்தன.

தேத்தண்ணிக் கேத்தலின் உட்புறத்தில் வெள்ளை ஏறுமே, அப்படி அந்தக் குகைச் சுவர்களிலும் வருடத்துக்கொரு படையாகச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. அந்தந்த வருடத்துத் தண்ணீரில் என்ன கரைந்திருந்ததோ, அதில் கொஞ்சம் அந்தந்தப் படையில் மாட்டிக்கொள்ளும். கடல் எப்போது உயர்ந்தது, மழை எப்போது பொய்த்தது என்று எல்லாவற்றையும் சுவரைச் சுரண்டியே சொல்லிவிடலாம். அதைச் சொல்வதுதான் கம்ஷாயினியின் தொழில். பல்கலைக்கழகத்தில் தண்ணீர் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தவள், முப்பத்தைந்து வயதுக்குள் பாதியை மற்றவர்களின் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தே கழித்திருந்தாள்.

அவள் கொண்டுவந்த இயந்திரத்துக்கு விலாங்கு என்று பெயர். பார்வைக்கும் விலாங்குதான். குகைக்குள் தானாக நீந்திப் போய், சுவரோடு வாயை வைத்து, ஒளியால் ஒரு புள்ளியைச் சுட்டு ஆவியாக்கி உறிஞ்சிக்கொள்ளும். பழைய கருவிகள் உப்பையும் உலோகத்தையும் மட்டும் சொல்லும். இந்தப் புதிய கருவியோ அந்த ஆவியில் இருந்த மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, எந்த வருடத்தில் வந்தது என்றும் சொல்லும். முதல் நாளே சனம் அதற்கு 'நக்கி' என்று பெயர் வைத்துவிட்டது.

கடைசிப் பத்து வருடத்தில் ஊருக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் ஒரு கைக்குழந்தை. ஊரின் நன்னீர்ச் சங்கத் தலைவர் மகாலிங்கசிவம், இளைப்பாறிய பாடசாலை உப அதிபர். அவருடைய மகள் கொழும்பிலிருந்து பிள்ளையோடு வந்து நின்றாள். போத்தல் பாலை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். சில நாட்களில் பிள்ளையின் உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் பிள்ளை தப்பியது. தண்ணீரில் நைத்திரேற்று கூடிவிட்டால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க மாட்டாது என்று வைத்தியர் விளக்கினார்.

வெங்காயத் தோட்டக்காரர் கொட்டுகிற யூரியாதான் காரணம் என்று மகாலிங்கசிவம் அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டார். தோட்டங்களின் நீரிறைக்கும் பம்புகளை நிறுத்தும்படி மேலிடத்துக்கு மனுப் போட்டார். பம்பு நின்றால் தோட்டம் நிற்கும். தோட்டம் நின்றால் இராசநாயகமும் மற்றத் தோட்டக்காரரும் மண்வெட்டியைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதுதான். முடிவெடுக்கும் முன்பு, குகையில் வேலை செய்கிற பெண் படிவின் மேல் மில்லிமீற்றரையும் பார்த்துச் சொல்லட்டும் என்றது மேலிடம். பத்து வருடமென்பது படிவில் அவ்வளவுதான், ஒரு மில்லிமீற்றர்.

கூட்டம் சனசமூக நிலையத்தில் நடந்தது. மகாலிங்கசிவம் அறிமுக உரையாற்றினார். "எங்களுக்கு மறைக்க ஒண்டுமில்லை. வீடு வீடாய், வளவு வளவாய் விசாரிக்கட்டும். நக்கி எல்லாத்தையும் சொல்லும்," என்றார். சபை கைதட்டியது. குற்றவாளி பக்கத்து வளவுக்காரன் என்பதில் ஒவ்வொருவருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

கம்ஷாயினி எழுந்தாள். வீடு வீடாகப் பிரித்துப் பார்க்கக் கருவியால் ஏலாது என்று முதலில் சொன்னாள். அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு சுவரில் வரைபடத்தைக் காட்டினாள்.

"நைத்திரேற்று ஏழெட்டு வருசமாய்க் கூடிக்கொண்டுதான் வருது. ஆனால் அது யூரியா இல்லை. நைதரசனிலை பாரமானது, இலேசானது எண்டு ரெண்டு வகை இருக்கு. யூரியாவிலை வாற கலவை வேறை, மனிசரின்ரை கழிவிலை வாற கலவை வேறை. இது மனிசரின்ரை."

"எந்த மனிசர்?" என்று கேட்டார் மகாலிங்கசிவம்.

பின்வாங்கிலிருந்த இராசநாயகம் சிரித்ததை அவர் கவனித்து வைத்துக்கொண்டார்.

"நம்பேல்லை எண்டால் அதோடை சேர்ந்து வந்திருக்கிற மற்றச் சாமானைப் பாருங்கோ," என்றாள் கம்ஷாயினி. இந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வரைபடம் அழகாக வந்திருந்தது. நல்ல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. "இது சீனி வருத்தத்துக்கு, நீரிழிவுக்குப் போடுற குளிசை. இதை ஆரும் வெங்காயத்துக்குப் போடுறேல்லையே. அளவைப் பார்த்தால் ஊரிலை நாப்பது பேருக்குக் கிட்டப் போடினம்."

"எங்கட கிளினிக்குக்குப் பத்துப் பேர் வந்தால் பெரிய காரியம்," என்றார் முன்வரிசையில் இருந்த தாதி.

நாற்பதில் பத்துப் போக மிச்சம் யார் என்று சபை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இனிப்புக்கடைப் பரராசா தன் கால் பெருவிரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தலைமயிருக்குப் பூசுற மை. நித்திரைக் குளிசையும் கிடக்கு. பிறகு, கோயில் வீதிக்குக் கீழாலை போற குகையிலை மட்டும் மீனிலை இருக்கிற ஒரு சாமான் நல்லாக் கிடக்கு."

கோயில் வீதியார் முழுப்பேரும் சைவம். வீதியின் மூத்தவரான சபாநடேசர் எழுந்து, "கடல் பக்கத்திலைதானே தங்கச்சி. கடல் மீனாயிருக்கும்," என்றார்.

"பொரிச்ச மீன்," என்றாள் கம்ஷாயினி.

சொன்ன பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. வரைபடத்தின் கடைசியில் இன்னொரு பெயரும் இருந்தது. வாயில் நுழையாத நீண்ட பெயர். அதை வாசிக்காமல் படத்தை அணைத்தாள். ஆனால் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற, அவள் தங்கியிருந்த வீட்டுப் பெண் ஜெனனி அதற்குள் அதை வாசித்துவிட்டாள்.

மறுநாள் காலை, கம்ஷாயினி தங்கியிருந்த புஷ்பமணியின் வீட்டுக்குப் பரராசா வந்தார். கையில் ஒரு பெட்டி பயித்தம் பணியாரம். விறாந்தையில் வேறு ஆளில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு குனிந்து கேட்டார்.

"பிள்ளை, உந்த நாப்பதிலை நான் எத்தினையாவது?"

"எனக்குத் தெரியாது அண்ணை. எல்லா வீட்டுத் தண்ணியும் ஒண்டாய்க் கலந்துதான் குகைக்கு வருது. தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, இதிலை போட்ட சீனி எந்தக் கடையிலை வாங்கினது எண்டு சொல்லேலுமே?"

"இப்ப ஏன் சீனியைப் பற்றிக் கதைக்கிறியள்," என்று பரராசா முகத்தைச் சுளித்தார்.

"மெய்யாய்த் தெரியாது அண்ணை."

"தெரிஞ்சாலும் நீங்கள் சொல்லமாட்டியள். அது உங்கட தொழில் மரியாதை. நான் பிழை சொல்லேல்லை." அவர் பெருமூச்சு விட்டார். "ஆனால் பிள்ளை, சீனி வருத்தக்காரன் பிடிக்கிற லட்டை ஆர் வாங்குவினம்? தான் தின்னப் பயப்படுறதை எங்களுக்கு விக்கிறான் எண்டெல்லோ சொல்லுவினம். நான் ஒரு முடிவெடுத்திட்டன். இண்டையோடை குளிசையை விடுறன். போடாட்டில் நக்கிக்கும் ஒண்டும் அகப்படாதே."

கம்ஷாயினி பதறிப்போனாள். கண் போகும், கால் போகும், சிறுநீரகம் போகும் என்று எடுத்துச் சொன்னாள். பரராசா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவள் வாழ்நாளில் சொன்ன எந்த உண்மையும் இவ்வளவு மரியாதையோடு நம்பப்படாமல் போனதில்லை.

அன்று மதியம் கிணற்றடியில் ஜெனனி அவளைப் பிடித்தாள். ஜெனனி, புஷ்பமணியின் ஒரே மகன் வசீகரனைக் கலியாணம் செய்து அந்த வீட்டுக்கு வந்தவள். வசீகரனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் இரண்டு தடவை வந்து போவான். ஜெனனி யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்து மருந்தாளர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளி தவறாமல் மாமியார் அவளை ஏதாவதொரு கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைவரம் கேட்கவைப்பார்.

"அக்கா, படத்திலை கடைசியாய்க் கிடந்த பெயர் என்னெண்டு எனக்குத் தெரியும்," என்றாள் ஜெனனி. "பிள்ளை தங்காமல் இருக்கப் போடுறது."

கம்ஷாயினி வாளியைக் கீழே வைத்தாள்.

"அது எங்கட வீட்டாலை வந்ததெண்டு தெரியுமோ?"

"தெரியாது ஜெனனி. அப்பிடித் தெரியவும் வராது."

"அவருக்குத் தெரியும். ரெண்டு பேரும் கதைச்சுத்தான். படிப்பு முடியட்டும் எண்டுதான் அவரும் சொல்லுறார். மாமிக்குத்தான்..." அவள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். "அவர் வாற கிழமை வாறார். தொடர்ந்து போட்டுக்கொண்டு வரோணும். கூட்டம் முடிஞ்சு வந்த நேரந்தொட்டு நான் போடேல்லை. போட்டால் ஆர் எண்டு பிடிபட்டிடும்."

"பிடிபடாது."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள் அக்கா. எனக்கு விளங்குது."

கம்ஷாயினி தன் தொழிலில் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டிக் குறைத்துச் சொன்னதில்லை. கருவி ஒன்றைச் சொல்லிவிட்டால் அது தன் கொள்கைக்கு விரோதமாக இருந்தாலும் அப்படியே எழுதுவாள். அப்படிப்பட்டவள், பயத்தில் வெளிறிப்போய் நின்ற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்கட வீட்டுக் கணக்கை நான் கருவியிலையிருந்து அழிச்சிட்டன்."

"எப்ப?"

"கூட்டத்துக்கு முதலே. இந்த வீட்டிலைதானே சாப்பிடுறன்."

ஜெனனியின் தோள்கள் இறங்கின. கைத்தொலைபேசியின் உறைக்குள்ளிருந்து ஒரு குளிசையை எடுத்து, அங்கேயே வாளித் தண்ணீரைக் கையில் ஏந்தி விழுங்கினாள்.

உண்மையால் ஆகாத காரியம் பொய்யால் இவ்வளவு சுலபமாக ஆனதைக் கண்டு கம்ஷாயினிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நேரே பரராசாவின் கடைக்குப் போய், "அண்ணை, உங்களையும் அழிச்சிட்டன். குளிசையை ஒழுங்காய்ப் போடுங்கோ," என்றாள். பரராசா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, லட்டுப் பெட்டி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்.

பரராசா மிகவும் நம்பிக்கையான ஆள். விஷயத்தைத் தன் மச்சானைத் தவிர வேறொருவருக்கும் சொல்லவில்லை. மச்சானும் அப்படிப்பட்டவர்தான்.

கிழமை முடிவதற்குள் புஷ்பமணியின் விறாந்தையில் நாற்காலி போதவில்லை. கலாநிதிப் பட்டத்தால் கம்ஷாயினி ஊருக்கு டொக்டர் ஆகியிருந்தாள்; அந்த டொக்டரிடம் தனியே போய்க் கேட்டால் அழித்துவிடுகிறா என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எல்லோரும் தற்செயலாக வந்தவர்களாகவே வந்தார்கள். ஒருவர் முருங்கைக்காயோடு வந்தார். இன்னொருவர் குடையை விட்டுவிட்டுப் போனதாகச் சொல்லி, குடையோடு வந்தார். சபாநடேசர் சுற்றிவளைக்கவில்லை. "தங்கச்சி, அது பொரிச்சதில்லை. அவிச்சது. வைத்தியர் சொல்லித்தான்," என்றார். அவர் போன கையோடு அவருடைய மனைவி வந்து, தன் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தான் மீன் பொரிப்பதை அழித்துவிடும்படி கேட்டாள். இருவருக்கும் தனித்தனியே அழித்துக் கொடுத்தாள் கம்ஷாயினி.

ஒரே ஒருவர் மட்டும் சேர்க்கச் சொல்லி வந்தார். தபால்கந்தோரில் வேலை பார்த்த கிருபைராசா. மனைவியின் நச்சரிப்பால் பிரஷர் குளிசையை வாங்குவார். போடுவதில்லை, வேலிக்கு அப்பால் எறிந்துவிடுவார். "நான் போட்டதாய்க் கொஞ்சம் காட்டிவிடுங்கோ டொக்டர். மனிசி கேட்டால் சொல்லலாமெல்லே." அவரிடம் மட்டும் கம்ஷாயினி கண்டிப்பாக இருந்தாள். போட்டால்தான் காட்டலாம், போடாததைச் சேர்க்க முடியாது என்றாள். ஒரு மாதம் போட்டுக் காட்டுகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டு போனார்.

இப்படியாக, கருவியால் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்க முடியாத விபரமெல்லாம் அவளுக்கு வந்து சேர்ந்தது. எந்த வீட்டில் எந்த மருந்து, எந்த வீட்டில் எந்தப் பயம் என்று வீடு வீடாக, வளவு வளவாக அவளுக்குத் தெரிந்தது. அவள் கேட்காமலே சனம் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது.

இதற்கிடையில் ஆறாயிரம் வருடத்துத் தண்ணீரைக் கேட்பாரில்லை. ஒரு நாள் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த புஷ்பமணியிடம் வலியப் போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

"அன்ரி, ஆறாயிரம் வருசத்துக்கு முதல் கடல் இப்பத்தையிலும் பார்க்க உயரத்திலை நிண்டது. உந்தக் குகை முழுக்க உப்புத்தண்ணி. பிறகு கடல் இறங்க இறங்க, மழைத்தண்ணி துளித்துளியாய்ச் சேர்ந்துதான் இந்த நல்ல தண்ணி வந்தது. ஒரு ஆள் உயரத்துக்கு வர ஆயிரம் வருசம் எடுத்திருக்கு."

"ஆயிரம் வருசமே," என்றார் புஷ்பமணி, பிழிவதை நிறுத்தாமல். "அதுக்குள்ளையே இவையள் கக்கூசைத் திறந்துவிட்டவை."

இவ்வளவு சுருக்கமாகத் தன்னுடைய ஆய்வை யாரும் சொன்னதில்லை என்று கம்ஷாயினிக்குத் தோன்றியது.

எல்லோரும் வந்து போன பிறகு, பின்வேலிப் படலையைத் திறந்துகொண்டு மகாலிங்கசிவம் வந்தார். கொளுத்தும் வெயிலிலும் சேட்டின் மேல் பொத்தான்வரை பூட்டியிருந்தார். உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"பிள்ளை, எங்கட வீட்டிலை ரெண்டு சாமான் இருக்கும். ஒண்டு மை. அது கிடக்கட்டும், ஊருக்குத் தெரியும். மற்றது நித்திரைக் குளிசை." குரலைத் தாழ்த்தினார். "பேரப்பிள்ளைக்கு உதடு நீலம் பாய்ஞ்சதுக்குப் பிறகு எனக்கு ஒரு பொட்டு நித்திரையில்லை. கண்ணை மூடினால் அந்த உதடுதான் தெரியுது. ஊருக்கு நாலு பேச்சுப் பேசுற மனிசன், குளிசை போட்டுப் படுக்கிறான் எண்டு வெளியிலை வரப்படாது."

"அழிச்சிட்டன் சேர்," என்றாள் கம்ஷாயினி. அது இப்போது அவளுக்குக் கைவந்த பதிலாகியிருந்தது.

ஆனால் மகாலிங்கசிவம் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். "எப்பிடி அழிச்சனீங்கள்? எங்கட வீட்டுத் தண்ணி மற்ற வீடுகளைப்போலை மண்ணுக்குள்ளாலை ஊறிப் போறேல்லையே."

"அப்ப எப்பிடிப் போகுது?"

"மகள் வாறாள் எண்டு கக்கூசோடை புதுக் குளியலறை கட்டினன். கொழும்பிலை இருக்கிற பிள்ளை, வசதி பாப்பாள்தானே. குழி வெட்டக் கல்லு விடேல்லை. பின்வளவிலை தண்ணி அள்ளாத பழங்கிணறு ஒண்டு கிடந்தது. அதுக்குள்ளை குழாயை விட்டு மேலாலை கொங்கிறீட் தட்டுப் போட்டு மூடிட்டன்." அவருடைய குரலில் சொந்தமாகக் கண்டுபிடித்தவனின் பெருமை இருந்தது. "பழைய குளியலறையும் ஏழெட்டு வருசமாய் அதுக்குள்ளைதான் போகுது. இண்டைவரைக்கும் நிரம்பேல்லை, பாருங்கோ. எவ்வளவு விட்டாலும் போய்க்கொண்டே இருக்கு."

அவருடைய வளவுக்குக் கீழே குகை எப்படிப் போகிறது என்று அவளுக்கு மனப்பாடம். அந்தப் பழங்கிணறு குகையின் கூரையில் இருந்த ஒரு வாய். அங்கிருந்து தண்ணீர் ஒரு வளைவு வளைந்து, அதே வீட்டின் குடிதண்ணீர்க் கிணற்றடியால்தான் திரும்பியது. இவ்வளவு நாளும் ஊருக்குப் பொய் சொல்லிப் பழகிய வாய், இப்போது உண்மை சொல்லத் தயங்கியது. ஆனால் யூரியா இல்லையென்று சொல்லியும் அவர் மனுவைத் திருப்பி எடுக்கவில்லை; வெங்காயத் தோட்டங்களின் பம்பு நிற்க இன்னும் ஒரு கூட்டம்தான் இருந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மகளும் மறுபடி வருவாள்.

"சேர்," என்றாள். "அது நிரம்பாது. அது கிணறில்லை, குகை. உங்கட குடிதண்ணிக் கிணத்துக்கும் அந்தக் குகைத் தண்ணிதான் வருது."

மகாலிங்கசிவம் அவளைப் பார்த்தார். முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்த நீரோட்டப் படமெல்லாம் அவர் முகத்துக்குப் பின்னால் ஓடி ஓரிடத்தில் வந்து நின்றது தெரிந்தது. மேல் பொத்தானைக் கழற்றினார்.

"உதை அழிக்கேலாதோ?" என்றார்.

"உதை அழிக்கேலாது சேர்."

அவர் எழுந்து, வந்த படலையால் போகாமல், முன்வாசலால் எல்லோரும் பார்க்கத் தெருவில் இறங்கி நடந்தார்.

அடுத்த கூட்டத்தில் நிலையம் நிரம்பி வழிந்தது. பம்புகளை நிறுத்தும் தீர்மானம் வருமென்று இராசநாயகமும் தோட்டக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்கள். மகாலிங்கசிவம் எழுந்து, நிலம் நீர் காற்று என்று வழக்கம்போலத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். அவருடைய பேச்சு பாதியில் நின்றதை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை.

"என்ரை வீட்டுக் கக்கூசு பழங்கிணத்துக்குள்ளை போகுது," என்றார். "அது குகைக்குள்ளை போய், என்ரை கிணத்துக்குள்ளை வந்திருக்கு. என்ரை பேரப்பிள்ளைக்கு நானே அதைக் கரைச்சுக் குடுத்திருக்கிறன். தோட்டக்காரரிலை பிழையில்லை. மனுவை நான் திருப்பி எடுக்கிறன்."

அவர் உட்கார்ந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடம் தாங்க முடியாமல் போனதாலோ என்னவோ, பரராசா எழுந்தார். "நாப்பதிலை நான் ஒராள்," என்றார். சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று தானே திகைத்து நின்றார்.

"அப்ப லட்டு?" என்றது ஒரு குரல்.

"லட்டு நீங்கள்தானே தின்னுறனீங்கள்," என்றார் பரராசா. முதலில் சிரித்தது மகாலிங்கசிவம். பிறகு அந்தச் சிரிப்பில் இன்னும் மூன்று நான்கு பேர் தாங்களும் அந்த நாற்பதில்தான் என்று கை உயர்த்தினார்கள். சபாநடேசர் கையை உயர்த்தவில்லை, ஆனால் மனைவியின் பக்கம் திரும்பி, "பொரிச்சதே?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

பழங்கிணற்றைத் துப்புரவாக்கி அடைக்க இராசநாயகமும் தோட்டக்காரரும் வந்து நின்றார்கள். மகாலிங்கசிவம் வேண்டாமென்றார், அவர்கள் கேட்கவில்லை. மூடிய தொட்டிகள் ஒவ்வொரு வீட்டிலும் மெல்ல மெல்ல வந்தன. சில வீடுகளில் இன்னும் வரவில்லை. ஆனால் மாரி பெய்து முடிந்து கம்ஷாயினி கிணறுகளை அளந்தபோது நைத்திரேற்று நன்றாக இறங்கியிருந்தது. கிளினிக் நாளில் வரிசை தெருவரை நின்றது. முதல் கதிரை பரராசாவுடையது. தாதிக்குத்தான் பாவம், மருந்து போதவில்லை.

மேலிடத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டார். கருவி நல்ல வேலை செய்கிறதாமே, வீடு வீடாகப் பிரித்துப் பார்க்க ஏதாவது வழி உண்டா, வேறு ஊர்களுக்கும் உதவும் என்றார். கம்ஷாயினி யோசித்தாள். குகைக் கூரையின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு விலாங்கை விட்டால் ஒருவேளை முடியும். அவளுடைய மாணவர்களில் கெட்டிக்காரனொருவன் இரண்டு வருடத்தில் செய்துவிடுவான். "ஏலாது," என்றாள். "எல்லாம் கலந்து போகுது."

அவள் புறப்படுகிற நாள் வந்தது. விலாங்கைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். ஜெனனி வகுப்புக்குப் போயிருந்தாள். வசீகரன் வந்து நின்று, மறுபடி கப்பலேறிப் போய்விட்டிருந்தான். புஷ்பமணி பொரிமாவும் மிளகாய்த்தூளும் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"ஊரெல்லாம் உங்களிட்டை வந்து சொல்லி அழிச்சுப்போட்டுப் போச்சினம். நான் ஒண்டும் கேக்கேல்லை," என்றார்.

"கேளுங்கோ அன்ரி."

"எங்கட வீட்டிலையும் ஒரு குளிசை இருக்கும். பேர் எனக்குத் தெரியாது. ஜெனனிப் பிள்ளை போடுறது. அதை எடுத்துவிடுங்கோ."

கம்ஷாயினியின் கை பெட்டிப் பூட்டில் நின்றது.

"எனக்கு எப்பவோ தெரியும்," என்றார் புஷ்பமணி. "தொலைபேசியைத் தூக்கித் தூக்கிப் பாக்கிறாள், ஆனால் ஆரோடையும் கதைக்கிறாளில்லை. படிப்பு முடியட்டுமே. முடியாமல் விட்டால் பிறகு ஆர் படிக்கவிடப் போயினம். நான் கோயில் கோயிலாய்க் கூட்டிக்கொண்டு திரியிறதும் அதுக்குத்தான். இல்லாட்டில் அயல் சும்மா இருக்குமே? ஏன் இன்னும் பிள்ளையில்லை எண்டு வாசலிலை வந்து நிப்பினம். கடவுளிட்டைப் பொறுப்புக் குடுத்திருக்கு எண்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

"அதை நான் முதலே அழிச்சிட்டன் அன்ரி."

"நல்லது." புஷ்பமணி பொரிமாப் பொதியின் முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். "எனக்குத் தெரியுமெண்டு மட்டும் பிள்ளைக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

"சொல்லமாட்டன். ஆனால் ஏன் அன்ரி? சொன்னால் அவளுக்கு ஆறுதலாயெல்லோ இருக்கும்."

புஷ்பமணி தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அவன் கப்பலிலை. வீட்டிலை நானும் அவளும்தான். சொன்னால் பிறகு வெள்ளிக்கிழமையிலை என்னோடை வெளியிலை வரமாட்டாள், பிள்ளை."